கேட்டால் காட்ட வேண்டிய காகிதம்

அக்கா,

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷின் சூடேறினால் ஒரு வாசனை வரும். பால் கவர் அடுப்பில் விழுந்துவிட்ட மாதிரி, கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் கருகல். நேற்று அந்த வாசனையில் நின்றுகொண்டிருந்தபோது உன் குரல் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. "வேணான்டி சின்னவளே, அதுல போட்டா மடிக்க முடியாது." திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவர் ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்காக நின்றிருந்தார்.

கொடுத்திருந்தது என் பேப்பரைத்தான். மடிப்பெல்லாம் நைந்து துண்டு துண்டாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. கௌரிதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அம்மா, இதுக்கு மேல விட்டா அப்பளம் மாதிரி நொறுங்கிடும்" என்றாள். கடையில் இருந்த பெண் துண்டுகளை மேஜைமேல் சேர்த்து வைத்துத் தலைப்பைப் படித்தாள். விடுதலைச் சான்றிதழ். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஜெயில்லயாம்மா இருந்தீங்க?"

கௌரிக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. "ஜெயில்னா சாப்பாடு போடுவாங்களேம்மா" என்றேன். அது என் பதில் இல்லை, உன் பதில். எத்தனை பேரிடம் நீ சொல்லியிருக்கிறாய்! கௌரிதான் பொறுமையாக விளக்கினாள். கொத்தடிமையாக இருந்தவர்களை மீட்டுவிட்டால் சர்க்கார் கொடுக்கிற பேப்பர் அது, இன்றைக்கு முதல் இவர் யாருக்கும் அடிமை இல்லை, பழைய கடனும் இல்லை என்று அதில் எழுதியிருக்கும் என்றாள். அந்தப் பெண், "நம்ம காலத்துலயா?" என்று கேட்டாள். "ஆமா, இவங்க அங்க இருந்தப்பதான் நான் பொறந்தேன்" என்றாள் கௌரி. அந்தப் பெண் சுத்தமான கவராக ஒன்றைத் தேடி எடுத்து, கோடு கோணாமல் வைத்து மெஷினுக்குள் விட்டாள்.

வெளியே வந்த பேப்பர் மொறமொறவென்று இருந்தது. நீ சொன்னது சரிதான். மடிக்க முடியவில்லை. என் சுருக்குப் பைக்குள் நுழையவில்லை. வீடு வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். வாயால் பேசியது போதாது என்றுதான் இப்போது எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். உனக்கென்ன, நீ படிக்கப் போவதில்லை. வழக்கம் போல நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

நீ அண்ணன் பெண்டாட்டி, நான் தம்பி பெண்டாட்டி. ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் ஊர் நம்புமா? நாமும் ஊரை ஏமாற்றவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே சண்டை போட்டோம். குழம்பில் நான் உப்புப் போட மறந்துவிட்டேன். "உப்பளத்துல வேலை செய்யறவன் வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து உப்பு போடத் தெரியலியா உனக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாய். நான் மூன்று வேளை பேசவில்லை. அடுத்த நாள் காலையில் நீயே வந்து என் தலையைப் பிடித்து இழுத்துப் பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டாய். அப்படித்தான் உன் சமாதானம், கேட்காமல் தலையில் கை வைப்பது.

உன் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோதுதான் கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி வந்தான். மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லாத நேரம். அவன் பாவப்பட்டவன் மாதிரி உட்கார்ந்து அட்வான்ஸ் கொடுத்தான். வாங்கினோம். உன் வீட்டுக்காரர் பிழைக்கவில்லை. அட்வான்ஸ் மட்டும் பிழைத்துக்கொண்டது. காரியம் முடிந்ததும் அவன் வண்டியோடு வந்து நின்றான். ஒரு சீசன் சவுக்கு வெட்டினால் கழிந்துவிடும் என்றான். நீ, நான், என் வீட்டுக்காரரான உன் கொழுந்தன், மூன்று பேரும் ஏறினோம். அந்த ஒரு சீசன் வருஷக்கணக்கில் நீண்டுபோனது.

வடக்கே எங்கேயோ இருந்த அந்தச் சவுக்குத் தோப்பைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அடி வாங்கியது, வசவு வாங்கியது எல்லாம் எல்லோரும் சொல்கிற கதை. நான் மறக்காதது அங்கே இருந்த ஒரே ஒரு சட்டத்தை. ஒருத்தர் வெளியே போனால் ஒருத்தர் உள்ளே இருக்க வேண்டும். சந்தைக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி. போனவர்கள் திரும்பி வருவதற்கு உள்ளே இருப்பவர்தான் பிணை. கதவு, பூட்டு, வேலி ஒன்றும் கிடையாது அங்கே. தேவையே இருக்கவில்லை.

இருப்பது எப்போதும் நீதான். என் அம்மா செத்துப்போன சேதி வந்தபோது மூன்று பேரும் மேஸ்திரி முன்னால் போய் நின்றோம். அவன் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "நான் இருக்கேன். அவங்க போய்ட்டு வரட்டும்." எனக்கு வலி எடுத்து கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோதும் அதேதான். வண்டியில் என்னை ஏற்றிவிட்டு, "நான் இருக்கேன், நீ போய் நல்லபடியா பெத்துக்கினு வா" என்றாய். பிள்ளையில்லாத நீ, என் பிள்ளையை முதலில் தூக்க வேண்டிய நீ, கௌரியைப் பார்த்ததே நான் தோப்புக்குத் திரும்பி வந்த பிறகுதான். அவளை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி சோப்பு வாசனை அடிக்குது இதும்மேல, நல்லா இருக்குது" என்றாய்.

வெளியே போய்விட்டு வந்தால் நான் உனக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். பஸ் என்ன கலர், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், ஜன்னல் சீட்டு கிடைத்ததா, பாட்டுப் போட்டானா. டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்க வேண்டும். என்னமோ பத்திரப்படுத்தப் போகிறாய் என்று முதல் தடவை நினைத்தேன். சுருட்டிக் காது குடைந்தாய். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அப்படி ஒரு சுகமாய்க் குடைந்தாய்! "இன்னா அக்கா இது?" என்றேன். "நீ பஸ்ல போன, நான் டிக்கெட்ல போறேன்" என்றாய். சிரித்தேன். அப்புறம் குடிசைக்குப் பின்னால் போய் அழுதேன். அதை உன்னிடம் நான் சொன்னதேயில்லை.

ஜீப்பில் அதிகாரிகள் வந்த நாளும் உனக்கு நினைவிருக்கும். ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், மரத்தடியில் நம்மோடு தரையிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டார். மற்ற குடும்பங்கள் பயந்து வாயைத் திறக்கவில்லை. நீதான் திறந்தாய். உன் வாய்க்கு அன்றைக்குத்தான் சரியான வேலை கிடைத்தது. மறுநாள் ஆபீஸில் ஆளுக்கொரு பேப்பர் கொடுத்தார்கள். பேர், ஊர், அங்க அடையாளம், ஊதா முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. நீ அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவிடம் கேட்டாய். "இத வெச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது?" அவர் பேப்பரை நேராகத் திருப்பிக் கொடுத்துச் சொன்னார். "பத்திரமா வெச்சுக்கோங்க. யாராவது உங்கள நிறுத்திக் கேட்டா இத காட்டுங்க."

அது உன் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. கேட்டால் காட்ட வேண்டும். அந்த நிமிஷத்தில் இருந்து அது உன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மருந்துக் கடை கவரில் சுற்றி, சிறியதாக மடித்து, சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். குளிக்கும்போது என் கையில் கொடுப்பாய். அதுவும் நான் உன் கண்ணில் படுகிற தூரத்தில் நிற்க வேண்டும்.

மரக்காணத்துக்குத் திரும்பினோம். உப்பளத்தில் வேலை கேட்டோம், கங்காணி சேர்த்துக்கொண்டார். பாத்தியில் கால் வைத்ததும் பழைய வெடிப்புகளில் உப்புத் தண்ணீர் ஏறி எரிந்தது. நீ "ஸ்ஸ்" என்றாய். அப்புறம் சிரித்தாய். "இது நம்ம எரிச்சல்டி. நல்லா எரியட்டும்." சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு நாம் நினைத்த நேரத்துக்கு வீட்டுக்கு நடந்தோம். யாரும் கூப்பிடவில்லை. நீ மட்டும் நடுவில் நடுவில் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

மாசி மகம் வந்தது. நம் இருளர் சனமெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிற நாள். தோப்பில் இருந்த வருஷங்களில் நாம் போகவே இல்லை. தெருவே மூட்டை கட்டியது. நான் கௌரியை இடுப்பில் வைத்துக்கொண்டேன், உன் கொழுந்தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். கதவைச் சாத்தலாம் என்று பார்த்தால் நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சாவகாசமாக.

"கெளம்பு அக்கா, பஸ்ஸு வந்துடும்."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்."

நான் முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. சோறு ஆனதும் மூடி வைப்பது போல, வீட்டார் கிளம்பினால் நீ இருப்பது என்று உன் உடம்பு பழகிவிட்டது. யாருக்குப் பிணை, எதற்குப் பிணை என்ற கேள்வியே உனக்கு வரவில்லை. மேஸ்திரி இல்லாத ஊரில், நம் வீட்டில், நம் சுவரில் சாய்ந்துகொண்டு நீ அவனுக்காகக் காத்திருந்தாய்.

"யாருக்காக இருக்கப் போற? அதான் பேப்பர் குடுத்துட்டாங்களே?" என்று கத்தினேன்.

நீ பையைத் திறந்து பேப்பரை எடுத்து நீட்டினாய். "இதுல நான் கெளம்பலாம்னு எங்க போட்டிருக்குது, படி."

படித்தேன். பேர் இருந்தது, ஊர் இருந்தது. சட்டத்தின் பேர், பிரிவு, கடன் ரத்து எல்லாம் இருந்தது. கிளம்பலாம் என்று எங்கேயும் இல்லை. உன் கொழுந்தன் வாசலில் இருந்து பஸ் வருகிறது என்று கூச்சல் போடுகிறார். நீ என் வாயையே பார்க்கிறாய். நான் முத்திரைக்குப் பக்கத்தில் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தேன்.

"மேற்படி நபர் இன்று முதல் தாம் விரும்பிய பஸ்ஸில் ஏறி, தாம் விரும்பிய ஊருக்குப் போகலாம். வீட்டில் யாரும் பிணை இருக்கத் தேவையில்லை."

"அப்டியா போட்டிருக்குது?"

"கையெழுத்துக்கு மேலயே போட்டிருக்குது. யாரும் இருக்க வேணாம், வா."

நீ எழுந்துவிட்டாய். புடவையை உதறிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் தெருவில் நடந்தாய். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாய். "பூட்டிட்டியா?" என்று கேட்டாய். "பூட்டிட்டேன்" என்றேன். "உள்ள யாரும் இல்லியே?" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமல்லபுரம் வரைக்கும் விடவில்லை.

விடிகாலையில் மணற்படியில் எல்லோரும் பூ வைத்தார்கள், பழம் வைத்தார்கள். நீ பேப்பரை வைத்தாய். மஞ்சள் தண்ணீர் தெளித்த பூசாரி அதையும் விடவில்லை. நான் பதறிப்போய் எடுத்தேன். ஒரு மூலையில் மஞ்சள் பிடித்துவிட்டது. "இருக்கட்டும்டி, அவளும் கையெழுத்து போட்டுட்டா" என்றாய்.

அதன் பிறகு எனக்குத் தொல்லை பிடித்தது. நினைத்தபோதெல்லாம் அந்த வரியைப் படிக்கச் சொல்வாய். உப்பு வாரிவிட்டு உட்காரும்போது, பேன் பார்க்கும்போது, தூக்கம் வராதபோது. எனக்கோ முதலில் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. ஒரு நாள் "விரும்பிய வாகனத்தில்" என்பேன். ஒரு நாள் "எந்த ஊருக்கும் எவர் தடையுமின்றி" என்பேன். யாரோ பஸ்ஸில் உன்னை ஜன்னலோரத்தில் இருந்து எழுப்பிவிட்ட அன்றைக்கு, "ஜன்னல் சீட்டில் அமர்ந்து" என்று சேர்த்தேன். நீ தலையை ஆட்டுவாய்.

வெயில் காலம் முற்றியபோது அவன் வந்தான். நல்ல உச்சி வெயில். உப்பளம் முழுக்க வெள்ளை, கண் திறக்க முடியவில்லை. வரப்பில் கட் ஷூ போட்டுக்கொண்டு வழுக்கி வழுக்கி ஒருத்தன் வருவது தெரிந்தது. நடையைப் பார்த்ததுமே என் கை நின்றுவிட்டது. பின்னால் இன்னொருத்தன். உன் கொழுந்தன் அந்தக் கோடியில் உப்பைக் குவித்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டாலும் கேட்காத தூரம்.

மேஸ்திரி கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிரித்துக்கொண்டே பேசினான். "இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. கணக்கு அப்படியே நிக்குது. நானும் குடும்பஸ்தன்தான், மூணு பேரையும் கூப்பிடல. ஒருத்தர் வந்து முடிச்சுக் குடுங்க போதும். மத்தவங்க நிம்மதியா இருங்க."

அவன் எதைச் சொன்னால் நடக்கும் என்று தெரிந்துதான் சொன்னான். ஒருத்தர் வந்தால் போதும். நான் அவனைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். தலையில் இருந்த உப்புக் கூடையை நீ இறக்கி வைத்தாய். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாய். வரப்பில் ஏறி அவனைப் பார்த்து நடந்தாய். அடுத்து உன் வாயில் இருந்து என்ன வரும் என்று எனக்குத்தான் தெரியுமே. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். நான் இருக்கேன், அவங்கள விட்டுடு.

நீ அவன் முன்னால் போய் நின்று இடுப்பில் இருந்து பையை எடுத்தாய். பேப்பரை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாய்.

"நிறுத்திக் கேட்டா காட்டச் சொன்னாங்க. பாத்துக்கோ."

அவன் பிடுங்கிப் படித்தான்.

நீ மனப்பாடமாகச் சொன்னாய். "நான் எந்த பஸ்ல வேணாலும் ஏறி எங்க வேணாலும் போலாம்னு போட்டிருக்குது. யாரும் பிணை இருக்க வேணாம்னு போட்டிருக்குது."

அவன் மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "எங்க போட்டிருக்குது? அப்டி ஒரு வரியே இல்லியே இதுல. எவ சொன்னா உனக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாத்தித் தண்ணீரில் என் கால்தான் தெரிந்தது. அப்போது உன் குரல் கேட்டது.

"உனக்குப் படிக்கத் தெரியல. என் தங்கச்சி எட்டாவது. அவ படிச்சா இருக்குது."

பக்கத்துப் பாத்திகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் உப்பு வாரும் பலகை. யாரும் அதை ஓங்கவில்லை, ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அவன் பேப்பரைக் கிழிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தான். "கிழி" என்றாய் நீ. "ஆபீசுல இன்னொண்ணு இருக்குது. உன் பேரும் அதுல இருக்குது. கிழிச்சது யாருன்னு நான் போய்ச் சொல்றேன். எனக்குத்தான் இப்ப பஸ்ல போகத் தெரியுமே." அதற்குள் கங்காணி வந்துவிட்டார். "ஏம்பா, யாரு நீ? வேலை நேரத்துல பொம்பளைங்ககிட்ட இன்னா பேச்சு? கெளம்பு முதல்ல" என்றார். அவன் பேப்பரைப் பாத்தியில் விட்டெறிந்துவிட்டுப் போனான். போகும்போது வரப்பில் வழுக்கி விழுந்தான். சத்தியமாக விழுந்தான். அதை நீ சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அவன் மறுபடி வரவேயில்லை.

சாயங்காலம் நனைந்த பேப்பரை வீட்டுக் கூரை மேல் காயப் போட்டுவிட்டு, பறக்காமல் இருக்கக் கல்லை வைத்துவிட்டு, நாம் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தோம். அவன் சொன்னது உண்மை என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? நீயே ஆரம்பித்தாய்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? அந்த வரி இல்லன்னு எனக்குத் தெரியும்டி."

"எப்பத்துல இருந்து?"

"மொத வாரமே. நீ ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி படிச்ச. சர்க்கார் பேப்பரு வாராவாரம் மாறுமா?"

"தெரிஞ்சிமா தெனம் படிக்கச் சொன்ன?"

நீ காலில் இருந்த உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாய். "நீ எப்படி மாத்திப் படிச்சாலும் கடைசில போலாம்னுதான வந்துச்சு. ஒரு தடவயாவது போகக் கூடாதுன்னு படிச்சியா? அத கேக்கத்தான்."

நான் உன் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். நீ பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாய்.

அப்புறம் நாம் போகாத இடம் உண்டா! உப்பளத்தில் லீவு என்றால் போதும், நீ முதல் ஆளாக வாசலில் நிற்பாய். பெருமுக்கல் மலை ஏறி, மூச்சு வாங்கி, மேலே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாய். பாண்டிச்சேரிக்குப் போய் ஒன்றும் வாங்காமல் கடைத்தெரு முழுக்க விலை கேட்டாய். கீழ்புத்துப்பட்டுப் பக்கத்தில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்களே, அன்றைக்கு நீ செய்த காரியத்தைச் சொல்லிக் கௌரி இன்றைக்கும் சிரிக்கிறாள். பாண்டிச்சேரியில் இருந்து யாராவது பாட்டில் கடத்துகிறார்களா என்று அவர்கள் பையைத் திறந்து பார்த்துக்கொண்டு வருகிறார்கள். நீ எழுந்து நின்று பேப்பரை விரித்துக் காட்டுகிறாய். அந்தப் பையன் போலீஸ், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், வாங்கி முழுசாகப் படித்தான். "அம்மா, நாங்க சரக்கு பாட்டில் இருக்குதான்னுதான் பாக்குறோம்" என்றான். "அது இல்ல, இதுதான் இருக்குது" என்றாய் நீ. பஸ்ஸே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. மடிப்புக் கலையாமல் மடித்து உன் கையில் கொடுத்துவிட்டு, "உக்காருங்கம்மா" என்றான்.

உன் பேப்பர் சீக்கிரமே நைந்துபோனதற்கு அந்தப் பாத்தித் தண்ணீர்தான் காரணம். மடிப்பில் எல்லாம் உப்பு பூத்துவிட்டது. எவ்வளவு தட்டினாலும் போகவில்லை. லேமினேஷன் போடலாம் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! ஒரு தடவை அந்த ஜெராக்ஸ் கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினாய். "மடிக்க முடியலன்னா இடுப்புல எப்டிடி சொருவறது? வூட்ல வெச்சிட்டுப் போனா அது உள்ள இருக்கும், நான் வெளிய இருப்பேன். மறுபடியும் ஒண்ணு உள்ளயா?" என்றாய். நான் அப்போது உன்னைப் பைத்தியம் என்று திட்டினேன். நேற்று மொறமொறவென்ற என் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது நீ சொன்னது சரி என்று பட்டது. வீட்டில் பீரோவுக்குள் வைக்க மனசு வரவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின மழையில் நீ போனாய். உன் வீட்டுக்காரரைப் போலவே நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தாய். அங்கே இருக்க உனக்குப் பிடிக்கவில்லை. நர்ஸம்மாவிடம் பேப்பரைக் காட்டி, "என்னை யாரும் நிறுத்தி வெக்க முடியாது" என்று சண்டை போட்டாய். கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நம் வீட்டில், நம் சுவர்ப் பக்கத்தில், கௌரியின் கை உன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும்போதே போனாய். நான் உன் தலைமாட்டில்தான் இருந்தேன். ஒரு நிமிஷம்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

குளிப்பாட்டிப் புதுப் புடவை கட்டும்போது சுருக்குப் பை என் கைக்கு வந்தது. அதை உன் இடுப்பிலேயே திரும்பச் சொருகினேன். உன் கொழுந்தன் பார்த்துவிட்டார். "அது சர்க்கார் பேப்பரு. மண்ணுல போடலாமா? நாளைக்கு ஆபீசுல கேட்டா இன்னா பண்றது?" என்றார். பெரியவர்கள் சிலரும் எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பேப்பரை வைத்துத்தான் நமக்கு வீடு கிடைத்தது, கௌரிக்குப் படிப்பு கிடைத்தது. ஆனால் எனக்கு வேறு கவலை இருந்தது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் சொன்னேன்.

"போற வழியில எவனாவது அவள நிறுத்திக் கேட்டா இன்னா காட்டுவா?"

யாரும் சிரிக்கவில்லை. உன் கொழுந்தன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். பேப்பர் உன்னோடுதான் வந்தது. குழியில் இறக்குவதற்கு முன் நான் குனிந்து உன் காதில் ஒரு தடவை படித்துக் காட்டினேன். பேர், ஊர், அங்க அடையாளம், கடன் ரத்து, கடைசியில் அந்த வரி. அன்றைக்கும் மாற்றித்தான் படித்தேன். எப்படிப் படித்தேன் என்று எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

இப்போது என் பேப்பர் அழியாது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைப் பெண் சொன்னாள். கௌரி அதைத் தன் காலேஜ் பையில் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை, நானும் காட்டுவதில்லை. உப்பளத்துக்குப் போகிறேன், வருகிறேன். பஸ்ஸில் நமக்கு இப்போது டிக்கெட்டே இலவசம் அக்கா. அந்தச் சீட்டையும் தூக்கிப் போட எனக்குக் கை வருவதில்லை. சுருட்டிக் காது குடைகிறேன். சுகமாகத்தான் இருக்கிறது.

இந்த மாசி மகத்துக்கும் போனோம். மூட்டை கட்டி, சோறு கட்டி, எல்லோரும் தெருவில் இறங்கிவிட்டார்கள். நான்தான் கடைசி. வீட்டைப் பூட்ட வேண்டியது என் வேலை, இத்தனை வருஷமாக அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். சுவர் இருந்தது, அதில் உன் தலை எண்ணெய் பிடித்த இடம் இருந்தது. பஸ் வருகிறது என்று உன் கொழுந்தன் கூச்சல் போட்டார். நான் அந்தச் சுவரைப் பார்த்து எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"யாரும் இருக்க வேணாம் அக்கா, வா."

கொஞ்ச நேரம் நின்றேன், நீ செருப்பைத் தேட நேரமாகுமே என்று. பிறகு பூட்டினேன்.